அம்பத்திரெண்டின் மூன்று பென்சில்கள்

கோலாலம்பூரில் பொய் சொல்ல ஒரு நடை போதும். உண்மையைச் சொல்ல மூன்று நடை நடக்கவைத்த ஒரே மனிதர் அம்பத்திரெண்டு.

அவர் ஒரு சத்தியப் பிரமாண ஆணையர். அடையாள அட்டை தொலைந்தால், பெயரில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தால், தனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று காட்ட வேண்டுமானால், மலேசியாவில் நாம் ஒரு தாளில் விவரத்தை எழுதி, இவரைப் போன்ற ஒருவர் முன்னால் 'இதெல்லாம் உண்மை' என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் முத்திரை குத்துவார். மற்ற இடங்களில் இந்த வேலை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் பாய் நடத்திய போட்டோஸ்டாட் கடையின் பின்பாதியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த அம்பத்திரெண்டிடம் டீ ஆறும், பாய் இன்னொரு டீ சொல்வார், அதுவும் ஆறும்.

முத்திரையை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னில் துளை போட்டு, பூட்டுப் போட்டிருந்தார். டின்னின் மேல் மூன்று பென்சில்கள். நீலம், பச்சை, சிவப்பு. தாளை வாங்கியதும் மர ரூலரை முதல் வரியின் கீழே வைப்பார். மலாயில் இருப்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வார். பிறகு தலையைத் தூக்கி ஒரே கேள்வி கேட்பார்.

"கண்ணால பாத்ததா, காதால கேட்டதா, மனசால நெனச்சதா?"

பார்த்தது என்றால் நீலக் கோடு. கேட்டது என்றால் பச்சை. யார் சொன்னது என்று சேர்த்து எழுத வேண்டும். நினைத்தது என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த வரியை எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அவருக்குக் கடையில் பாதியைச் சும்மா கொடுத்தது நட்புக்காக என்று பாய் சொல்வார். ஓர் ஆள் நாலு தடவை போட்டோஸ்டாட் எடுக்க வேண்டிவந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு லோரி டிரைவர், செராஸ் பாசாரில், அதாவது சந்தையில், தன் ஐசி என்கிற அடையாள அட்டை விழுந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"விழுறத பாத்தியா?"

"பாக்கல அங்கிள்."

"பாத்திருந்தா எடுத்திருப்ப, இல்ல?"

"ஆமா லா."

"அப்ப விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

டிரைவர் கூரையைப் பார்த்தார். "அங்கிள், வீட்டுலேர்ந்து வரும்போது ஐசி மட்டுந்தான் தொலைஞ்சிருந்துச்சு. ஒங்ககிட்ட வந்து பொறுமையும் தொலையுது."

"அது தொலையறத நான் பாத்தேன். வேணும்னா அத எழுதிக்க."

'பாசாருக்குள் போகும்போது பையில் இருந்தது, வெளியே வந்து பார்த்தபோது இல்லை' என்று எழுதிக்கொண்டு டிரைவர் மூன்றாம் நாள் வந்தார். நீலக் கோடு. முத்திரை.

அம்பத்திரெண்டு என்ற பெயர் வயதால் வந்ததல்ல. அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குற்றவாளிக் கூண்டில் நின்ற தமிழர்கள் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியத்தை மலாய்க்கு மாற்றி மாற்றி அவருக்கு வாய் வலித்திருந்தது: 'நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்.' அதை யாராவது அவர் எதிரில் சொன்னால் போதும், "தண்டனைச் சட்டம், அம்பத்திரெண்டாவது பிரிவு" என்று ஆரம்பித்துவிடுவார். உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் ஒன்றைச் செய்தாலும் சரி, நம்பினாலும் சரி, அது நல்லெண்ணம் என்று சட்டத்தில் ஆகாது என்பது அந்தப் பிரிவு. அவர் பாஷையில் சொன்னால், "நல்ல மனசு இருந்தா பத்தாது தம்பி. விசாரிச்சியான்னு சட்டம் கேக்கும்."

அவருடைய சொந்தப் பெயர் பலகையில் எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் சிலர் வாராவாரம் 0052 எழுதிப் பார்த்தார்கள். "ஒரு தடவகூட விழல பாஸ்," என்றார் பாய் என்னிடம். "அவ்ளோ நேர்மையான நம்பரு."

கோடு போடும் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் "சாப்பாடு எப்படி அங்கிள்?" என்று கேட்ட முதலாளியிடம், "ரசம் நல்லாருக்கு. மத்தத சாப்பிட்டப்புறந்தான் சொல்ல முடியும்," என்றார். ஓர் இறப்பு வீட்டில் எல்லோரும் இறந்தவரைத் தங்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டிருந்தபோது இவர் கையிலும் மைக்கைக் கொடுத்தார்கள். "என்கிட்ட ரெண்டு தடவ வந்தாரு. ரெண்டு தடவையும் சொன்ன நேரத்துக்கு வந்தாரு," என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று பேசப்பட்டதில் இறந்தவரின் மனைவி தலையாட்டியது இதற்கு மட்டும்தான்.

இப்படியே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு போகலாம். முன்பு ஒரு தடவை அப்படித்தான் அவரைப் பற்றி எழுதினேன். அதனால்தான் இப்போது மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் கீழே, ஐந்தடி நடைபாதையில், லெட்சுமி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். வீடு கம்போங் மேடானில். பிறந்தது காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறப்பை யாரும் பதியவில்லை. ஒரு வயது ஆவதற்குள் அம்மா போய்விட்டார். வேலைக்கென்று வேறு ஊர் போன அப்பா திரும்பவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை, வங்கிக் கணக்கு இல்லை. சாலையில் சோதனைக்குப் போலீஸ் நின்றால் மாவுக் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்சந்துக்குள் போய்விடுவார். முப்பத்தெட்டு வருடம் அவர் இந்த நாட்டில் இருந்ததற்குச் சாட்சி எங்கள் தொப்பைகள் மட்டும்தான்.

தாமதமாகப் பதிவதற்கு, அவர் பிறந்ததை அறிந்த இரண்டு பேரின் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றார்கள். ஒருவர் அவருடைய தாய்மாமன். குழந்தை பிறந்து ஒரு வாரம் கழித்து ஜோகூரிலிருந்து வந்து பார்த்தவர். இரண்டாவது ஆளாக நான் முன்வந்தேன். லெட்சுமி கேட்கவில்லை. நான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன், அது போதும் என்று நானே முடிவு செய்தேன்.

"அண்ணே, எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியுமா?" என்று லெட்சுமி கேட்டார்.

"தோட்டத்துல எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் லா," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். அதற்கு நீலக் கோடே போடலாம்.

யாரோ பயன்படுத்திய பழைய தாளை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். 'இவருடைய தாயாரை நான் நன்கு அறிவேன். இவர் பிறந்த சமயத்தில் நான் அங்கே இருந்தேன்.' அதை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். ரூலர் வந்தது.

"தாயாரை நன்கு அறிவேன். பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?"

"பாத்திருப்பேன் அங்கிள்."

"பாத்திருப்பேன்னா நெனச்சது." சிவப்பு. "முகம் எப்படி இருக்கும்?"

"தோட்டத்து ஆளுங்க மாதிரிதான்."

அந்த வாக்கியம் தாளில் இல்லை. ஆகவே மேசையின் மேலேயே ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"அங்கிள், நல்ல எண்ணத்துலதான் செய்றேன். பாவம் அந்தப் பொண்ணு."

என்ன சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பாய் போட்டோஸ்டாட் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அம்பத்திரெண்டு பிரிவைச் சொல்லவில்லை.

"பாவந்தான். அதனாலதான் சொல்றேன். இது தப்பாப் போனா ஒனக்கு ஒண்ணும் இல்ல, அதுக்குத்தான் போச்சு. கொஞ்சம் டைம் குடு தம்பி. அந்தத் தோட்டத்து ஆளுங்க எங்கயாச்சும் இருப்பாங்க. தேடுவோம்."

என்னிடம் நேரம் இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. லெட்சுமி பிறந்ததிலிருந்து காத்திருப்பவர். இன்னும் சில மாதம் அவருக்குப் பெரிதில்லை. அவசரம் எனக்குத்தான். வியாழக்கிழமை என் பத்தி அச்சுக்குப் போக வேண்டும். அடையாளம் இல்லாத பெண்ணுக்கு நிருபர் சாட்சியாக நின்ற கதையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். முத்திரை விழும் கடைசிப் பகுதி மட்டும்தான் பாக்கி.

தாளைப் பிடுங்கிக்கொண்டு செராஸுக்குப் போனேன். அங்கிருந்த ஆணையர் போனில் டுரியான் பழ விலை பேசிக்கொண்டே முத்திரை குத்தினார். என் முகத்தைப் பார்த்தாரா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தாளைப் பார்க்கவில்லை என்று செய்ய முடியும்.

கட்டுரையின் முடிவை மாற்றினேன். இப்போது அதற்கு ஒரு வில்லனும் கிடைத்திருந்தார். 'முத்திரைக்கு மனசில்லை' என்று தலைப்பு வைத்தேன். பெயரைப் போடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று பென்சில் வைத்திருக்கும் ஓர் ஆணையர் என்று மட்டும் எழுதினேன். அங்கே அப்படி ஆறேழு பேர் இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. 'ஏழையின் கண்ணீருக்கு இவர் எந்தக் கலரில் கோடு போடுவார்?' என்று முடித்திருந்தேன். எழுதியபோது எனக்கே புல்லரித்தது.

வாசகர்களுக்கும் புல்லரித்தது. வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஏதோ ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கடை வாசலில் நின்று அவரைத் திட்டிவிட்டு, வந்ததற்கு பாயிடம் இரண்டு தாள் போட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டு போனார்கள். அவரிடம் ஆள் வருவது நின்றது. யாரோ என் கட்டுரையை இணைத்து, அவருக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் புகார் அனுப்ப, அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

எனக்கும் ஓர் உறை வந்தது. உள்ளே என் கட்டுரை, வெள்ளைத் தாளில் நேராக ஒட்டப்பட்டு, வரிக்கு வரி கோடு போடப்பட்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. ஒரே ஓர் இடத்தில் நீலம்: 'அவர் சட்டைப் பையில் மைக்கறை இருந்தது.' வேறு ஒரு சொல்கூட இல்லை. உறையை மேசை இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பதிவிலாகாவில் லெட்சுமியையும் என்னையும் விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. என் தாளைப் படித்தார். என் பெயருக்குப் பக்கத்தில் என் ஐசி எண் இருந்தது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி என்பது இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு எதிரான ஆதாரத்தை நானே அழகாக டைப் அடித்துக் கொடுத்திருந்தேன்.

அதிகாரி விரல்விட்டு எண்ணினார். பிறகு, ஐயா என்பதற்கான 'என்சிக்' போட்டு, மிக மரியாதையாக மலாயில் கேட்டார்: இவர் பிறந்தபோது என்சிக்குக்கு மூன்று வயது. என்சிக் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

பிறரைக் கேள்வி கேட்டே இருபது வருடம் பிழைத்தவன் நான். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

இரண்டு தாளில் ஒன்று இப்படி இருந்தால் மற்றதை நான் எப்படி நம்புவது என்றார் அவர். என்மேல் நடவடிக்கை எடுக்காமல் விட்டது அவர் பெருந்தன்மை. தாய்மாமன் சொன்ன உண்மையும் என் பொய்யோடு சேர்ந்து திரும்பி வந்தது.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கப்போகும்போதுதான் லெட்சுமி கேட்டார்.

"அண்ணே, அப்ப எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஒரு தடவகூட பாத்ததில்லயா?"

"இல்ல."

"சரி." எழுந்து மணியை அழுத்தினார். "நீங்க நல்லதுதான் நெனச்சீங்க. அடுத்த தடவ கேட்டுட்டு நெனைங்க."

மறுநாள் தோசை வழக்கம்போல வந்தது. சட்னி கேட்டால்தான் வந்தது.

பாய் கடைக்குப் போக எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. பாய் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "என்ன பாஸ், இன்னும் எழுத பாக்கி இருக்கா?"

"அங்கிள் இல்லயா பாய்?"

"கிள்ளான் போயிருக்காரு. எத்தனாவது தடவன்னு எனக்குத் தெரியல. நீங்க தாளத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்கல்ல, அதுக்கு மறுநாள் போக ஆரம்பிச்சாரு. அந்தப் பொண்ணுகிட்ட தோட்டத்துப் பேரக் கேட்டுக்கிட்டுப் போனாரு. இப்பதான் இங்க கூட்டமே இல்லையே. நல்லா நேரம் இருக்கு."

கிள்ளானுக்கு ரயில், அங்கிருந்து காப்பாருக்கு பஸ். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. முடிவெட்டும் கடை, கோவில், மளிகைக் கடை என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தத் தோட்டத்து ஆட்களை விசாரித்திருக்கிறார். ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் போய், கடைசியில் போர்ட் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்த அம்மாவைக் கண்டுபிடித்தார். முதல் நாள் அந்த அம்மா, "பொம்பளப் புள்ளதான்னு நெனைக்கிறேன்," என்றதும் எழுந்துவிட்டாராம். "நெனைக்காதீங்க. அடுத்த வாரம் வரேன்." அடுத்தடுத்த வாரங்களும் போய், அதே கேள்விகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கேட்டிருக்கிறார். "எம் புருஷன்கூட என்னை இவ்ளோ கேள்வி கேட்டதில்ல," என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த தடவை லெட்சுமியையும் அழைத்துப் போனார். நான் வரலாமா என்று கேட்டேன். "வா. பேசாத," என்றார்.

ஆயாம்மா லெட்சுமியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "நீ லோரியில பொறந்த. ஒங்கம்மாவுக்கு முடியலன்னு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பட்டப்பகல். நடுவுல ரயில் கேட்ட போட்டுட்டான். ரயிலு வரவே இல்ல. நீ வந்துட்ட."

அம்பத்திரெண்டு அதைத் தாளில் எழுதி ரூலரை நகர்த்தினார்.

"புள்ளதான் பொறந்துருச்சேன்னு டிரைவர் லோரியத் திருப்பிட்டான். டவுன்ல பதிஞ்சிருப்பாங்கன்னு தோட்டத்துக் கணக்கு எழுதுற எங்க கிராணி நெனச்சாரு. கிராணி பதிஞ்சிருப்பாருன்னு நாங்க நெனச்சோம்."

அம்பத்திரெண்டின் கை தானாகவே சிவப்புப் பென்சிலுக்குப் போனது.

"எங்கம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று லெட்சுமி கேட்டார்.

"முடி இருக்கான்னு கேட்டா. நெறைய இருக்குன்னேன். சிரிச்சா. என் மணிக்கட்டப் பிடிச்சிருந்தா பாரு, கேட்டு தொறந்து லோரி நகந்தப்புறந்தான் விட்டா."

லெட்சுமி அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்பத்திரெண்டு தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"பாத்ததா, கேட்டதா?" என்று கேட்டார்.

"முடியப் பாத்தேன். அவ கேட்டதக் கேட்டேன்," என்றார் ஆயாம்மா.

நீலம். பச்சை. நான் எழுதிய தாளில் இதே இடத்தில் 'தாயாரை நான் நன்கு அறிவேன்' என்று இருந்தது.

முத்திரைக்காக நாங்கள் எல்லோரும் அவர் கூடவே கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தோம். அவர் திறக்கவில்லை. "தேடுனவன் நான். முத்திரையும் நானே குத்துனா சரியா இருக்காது. செராஸ்ல ஒன் ஆளு இருக்காருல்ல தம்பி, அவர்கிட்ட கூட்டிட்டுப் போ." போனேன். டுரியான் சீசன் முடிந்திருந்தது. செராஸ்காரர் இந்தத் தடவை தாளைப் படித்தார். படித்துவிட்டு எழுந்து ஆயாம்மாவுக்கு நாற்காலி போட்டார்.

தாய்மாமன் தாளோடு சேர்த்துக் கொடுத்த பிறகும் காலம் ஆனது. லெட்சுமிக்கு அட்டை வந்த அன்று, தோசை வாங்க வந்த எல்லோரிடமும் காட்டினார். என்னிடமும் காட்டினார். சட்னி கேட்காமலே வந்தது.

புகாருக்கு அம்பத்திரெண்டு எழுதிய விளக்கத்தை பாய் எனக்குக் காட்டினார். அதையும் போட்டோஸ்டாட் எடுத்து வைத்திருந்தார். என்னைப் பற்றி அதில் இரண்டே வாக்கியங்கள். 'கட்டுரை எழுதியவருக்கு என்மேல் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நல்லெண்ணம் இருந்தது என்றும் சொல்ல இயலாது.' என்னைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எழுதியதில்லை.

புகார் தள்ளுபடியானது. ஆனால் அனுமதி முடிந்தபோது அவர் புதுப்பிக்கவில்லை. டின்னையும் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு சிரம்பானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்னால்தான் போனார் என்று எழுதினால் சிவப்பு விழும். என்னால் இல்லை என்று எழுதினாலும் சிவப்புதான்.

அந்த வாரமே ஒரு திருத்தம் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருக்குப்பா ஞாபகம் இருக்கு?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வெளியே வந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு முகம் சுருங்குகிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு முன் அவருக்கு அனுப்பினேன். என் தொழிலில் முதல் தடவையாக அப்படிச் செய்கிறேன். ஒரு வாரத்தில் கோடுகளோடு திரும்பி வந்தது. பெரும்பாலும் நீலம். பாய் சொன்னவற்றுக்குப் பச்சை. இறப்பு வீட்டில் அந்த அம்மா தலையாட்டியதாக எழுதிய இடத்தில் சிவப்பு. ஓரத்தில், 'அவருக்கு எப்போதும் தலை ஆடும்' என்று குறிப்பு. திருத்திக்கொள்கிறேன்.

கடைசி வரியாக நான், 'அவர் என்னை மன்னித்திருப்பார்' என்று எழுதியிருந்தேன். அதன் கீழே இரட்டைச் சிவப்பு. பக்கத்தில் அதே பழைய நேரான கையெழுத்து: 'இது யார் சொன்னது? நேரில் வந்து விசாரிக்கவும். மத்தியானம் வந்தால் சாப்பாடு உண்டு.'

அந்த வரியை எடுத்துவிட்டேன். நாளைக் காலை ரயிலில் சிரம்பான் போகிறேன். சாப்பாடு எப்படி என்பதைச் சாப்பிட்ட பிறகுதான் சொல்ல முடியும்.